அவசர விதிகளின் ஆயுள்

கொள்ளைநோய் பரவிய 2020 ஏப்ரலில் உலக விமானப் பயணம், முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால், 94 விழுக்காடு சரிந்தது. 2019இல் ஏறத்தாழ 450 கோடி பேர் விமானம் ஏறியிருந்தார்கள். 2020இல் அந்த எண்ணிக்கை சுமார் 180 கோடிக்கு இறங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் விமான நிறுவனங்களின் நிகர இழப்பு ஏறத்தாழ 13,800 கோடி டாலர் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. கணக்கிட்டது. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு வளர்ந்த இந்தத் தொழில் அப்படியொரு வீழ்ச்சியை அதற்குமுன் கண்டதில்லை.

அந்த மாதங்களில் பல ஆரூடங்கள் சொல்லப்பட்டன. நடு இருக்கை இனிமேல் காலியாகவே பறக்கும், முகக்கவசம் இருக்கைப் பட்டியைப் போல நிரந்தரமாகும், கூட்டம் நெரியும் விமான நிலையம் பழங்கதையாகும் என்றெல்லாம் எழுதினார்கள். 2024ஆம் ஆண்டின் கணக்கு முடிந்தபோது, உலகப் பயண அளவு 2019ஐவிட 3.8 விழுக்காடு கூடியிருந்தது. விமான இருக்கைகளில் 83.5 விழுக்காடு நிரம்பியிருந்தன. அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு நிரம்பியதில்லை. நடு இருக்கை காலியாகும் என்று சொல்லப்பட்ட நான்கே ஆண்டுகளில், வரலாற்றிலேயே மிக நெருக்கமாக அமர்ந்து மக்கள் பறந்தார்கள்.

ஒரு பெரும் நெருக்கடிக்குப் பிறகு விமானப் பயணத்தில் எது நிலைக்கிறது, எது உதிர்கிறது, அதைத் தீர்மானிப்பது எது? 1977இலிருந்து 2024 வரையிலான சில நெருக்கடிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரு விடை தெளிகிறது. விமானம் விழுந்தால், ஏன் விழுந்தது என்று கேட்டு, விடையை ஊரறிய வெளியிட்டு, விதியைத் திருத்துவதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. கொள்ளைநோய், திவால், வான்வெளி மூடல் போன்ற, விமானம் விழாத நெருக்கடிகளுக்கு அப்படி ஒரு முறை இல்லை. அவற்றின் பிறகு நிலைப்பது எது என்பதைப் பேர வலிமைதான் தீர்மானிக்கிறது. அந்தப் பேரத்தில் மிகக் குறைந்த வலிமை உள்ளவர் பயணி.

விபத்திலிருந்து கற்ற தொழில்

முதலில் இந்தத் தொழில் நன்றாகச் செய்வதைச் சொல்லியாக வேண்டும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் மிகப் பெரிய விபத்து இன்றும் அதுதான். கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, புறப்பட அனுமதி கிடைக்காமலே விமானத்தைச் செலுத்தினார். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று அவருடைய பொறியாளர் கேட்டார். அந்தக் கேள்வி தலைமை விமானியைத் தடுத்து நிறுத்தவில்லை.

தலைமை விமானி தவறு செய்தார் என்ற இடத்தில் விசாரணை நின்றிருந்தால் எதுவும் மாறியிருக்காது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கேள்வி கேட்க ஏன் தயங்கினார் என்ற இடத்துக்கு அது நகர்ந்தது. கட்டுப்பாட்டு அறையும் விமானியும் பேசிக்கொள்ளும் சொற்கள் கறாராக வரையறுக்கப்பட்டன; ‘புறப்படு’ என்ற சொல்லை உண்மையிலேயே அனுமதி தரும் வேளை தவிர வேறெப்போதும் சொல்லக் கூடாது என்பது வழக்கமானது. 1979இல் நாசா நடத்திய பயிலரங்கைத் தொடர்ந்து, விமானக் குழுவினர் ஒருவரையொருவர் கேள்வி கேட்கவும் திருத்தவும் கற்பிக்கும் பயிற்சி உருவானது. 1981இல் யுனைடெட் நிறுவனம் அதைத் தொடங்கியது. இன்று உலகில் எந்தப் பயணிகள் விமானியும் அந்தப் பயிற்சி இல்லாமல் விமானி அறைக்குள் அமர்வதில்லை.

இந்தியாவுக்கும் அப்படி ஒரு பாடம் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று தில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியின் வானில் சவூதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். தில்லியில் வரும் விமானங்களுக்கும் போகும் விமானங்களுக்கும் அப்போது ஒரே வான்பாதைதான் இருந்தது. நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையில் விசாரணை நடந்தது. அதன் பிறகு வருகைக்கும் புறப்பாட்டுக்கும் பாதைகள் பிரிக்கப்பட்டன. எதிரே வரும் விமானத்தை உணர்ந்து எச்சரிக்கும் கருவி இந்திய வான்வெளியில் பறக்கும் விமானங்களுக்குக் கட்டாயமானது.

இந்தக் கற்றல் முறைக்கு அடிப்படையாக இருப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் சாசனத்துக்கான 13ஆம் இணைப்பு. விபத்து விசாரணையின் நோக்கம் மீண்டும் ஒரு விபத்தைத் தடுப்பதே, யார் மீதும் பழியோ பொறுப்போ சுமத்துவதல்ல என்று அது சொல்கிறது. விசாரிப்பவர் சுதந்திரமாக இருக்க வேண்டும், அறிக்கை வெளிவர வேண்டும், பரிந்துரைகளுக்குப் பதில் வர வேண்டும். மருத்துவமனைகளும் அணு உலைகளும் பின்னாளில் எடுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட முறை இது.

ஆனால் அறிக்கை எழுதப்பட்டால் மட்டும் போதாது. 2010 மே மாதம் மங்களூருவின் மலைமேட்டு ஓடுபாதையைத் தாண்டி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தனர். இத்தகைய ஓடுபாதைகளின் முடிவில், மிஞ்சி ஓடும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் நொறுங்கு படுகையை அமைக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று, அதேபோன்ற கோழிக்கோட்டு ஓடுபாதையில் அதே நிறுவனத்தின் விமானம் மழையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது; 21 பேர் இறந்தனர். பத்தாண்டுகள் கழிந்தும் அங்கே அந்தப் படுகை இல்லை. போயிங் 737 மேக்ஸ் கதையும் இதையே காட்டுகிறது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர் இறந்த பிறகும் அந்த விமானம் பறந்துகொண்டிருந்தது. ஐந்தே மாதங்களில் எத்தியோப்பியாவில் மேலும் 157 பேர் இறந்தனர். விமானத்துக்குச் சான்று வழங்கும் வேலையின் பெரும்பகுதியைத் தயாரிப்பு நிறுவனத்திடமே விட்டிருந்த அமெரிக்க முறையைத் திருத்தும் சட்டம் 2020 டிசம்பரில் வந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியிராவிட்டால் அந்தச் சட்டம் அந்த வடிவில் வந்திருக்காது.

2001: கதவும் கட்டணமும்

2001 செப்டம்பர் 11 தாக்குதல் வேறு வகை நெருக்கடி. இயந்திரம் பழுதாகவில்லை, விமானி தவறவில்லை. அமெரிக்க வான்வெளி முழுவதும் மூடப்பட்டு, ஏறத்தாழ 4,500 விமானங்கள் கிடைத்த நிலையங்களில் இறக்கப்பட்டன. கனடாவின் கேண்டர் என்ற சிற்றூரில் மட்டும் 38 பெரிய விமானங்கள் இறங்கின.

அடுத்த பதினொரு நாட்களில் விமான நிறுவனங்களுக்கு 500 கோடி டாலர் நேரடி உதவியும் 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதமும் தரும் சட்டம் நிறைவேறியது. நவம்பர் 19 அன்று இன்னொரு சட்டம் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற புதிய அரசுத் துறையை உருவாக்கியது. அதுவரை தனியார் ஒப்பந்தக்காரர்களின் குறைந்த கூலி ஊழியர்கள் செய்துவந்த சோதனையை, ஓராண்டுக்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக் குண்டும் துளைக்காத விமானி அறைக் கதவு 2003க்குள் கட்டாயமாயிற்று. உலக நாடுகள் அதைப் பின்பற்றின. விமானத்தைக் கைப்பற்றி ஆயுதமாக்கும் வழியை அந்தக் கதவு அடைத்தது. அன்று செய்யப்பட்ட மாற்றங்களில் மிகப் பயனுள்ளது அதுதான் என்பது பல பாதுகாப்பு வல்லுநர்களின் கருத்து.

அதே கதவு 2015 மார்ச் 24 அன்று வேறு முகத்தைக் காட்டியது. பார்சிலோனாவிலிருந்து டியூசல்டார்ஃப் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் தலைமை விமானி அறையை விட்டு வெளியே வந்தபோது, துணை விமானி உள்ளிருந்து கதவைப் பூட்டிவிட்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். வெளியே இருந்து வரும் ஆபத்தைத் தடுக்க வைத்த கதவு, உள்ளே இருந்த ஆபத்தைத் தடுக்க விடவில்லை. விமானி அறையில் எந்நேரமும் இருவர் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை சில நாட்களிலேயே பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே, தங்கள் ஆபத்தை மதிப்பிட்டு நிறுவனங்களே முடிவெடுக்கலாம் என்று அதைத் தளர்த்தியது. மாறாக, விமானிகளின் மனநலத்தை மதிப்பிடுவதும், சக விமானிகளிடம் அச்சமின்றி உதவி கேட்க ஏற்பாடு செய்வதும் 2018இல் ஐரோப்பிய விதியாயின. விசாரணை ஆழமாகப் போனதால், பதற்றத்தில் பிறந்த விதி கைவிடப்பட்டு, காரணத்தைத் தொடும் விதி அதன் இடத்துக்கு வந்தது.

இந்தத் திருத்தம் பயணியின் பக்கத்தில் நடப்பது அரிது. 2001 டிசம்பரில் பாரீஸ்–மயாமி விமானத்தில் ஒருவர் காலணிக்குள் வெடிமருந்து வைத்திருந்தார். 2006இலிருந்து அமெரிக்க விமான நிலையங்களில் எல்லோரும் காலணி கழற்றுவது கட்டாயமானது. உலகின் பெரும்பாலான நாடுகள் அதைக் கேட்கவில்லை. அந்த நாடுகளின் விமானங்கள் காலணி வெடிமருந்தால் வெடிக்கவும் இல்லை. ஆயினும் அமெரிக்கா அந்த விதியை விலக்க 2025 ஜூலை ஆனது. 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்டது. சில வாரங்களில் வந்த 100 மில்லிலிட்டர் வரம்பு இன்றும் உலகின் பல நிலையங்களில் தண்ணீர்ப் புட்டிகளைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புகிறது. புதிய ஸ்கேனர்கள் வந்துவிட்டன என்று சில பிரிட்டிஷ் நிலையங்கள் வரம்பை நீக்கின. 2024 ஜூனில் மீண்டும் அதைக் கொண்டுவந்தார்கள்.

காரணம் எளிது. ஒரு விதியை வைத்திருக்கும் அதிகாரிக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. அதை விலக்கிய மறுநாள் ஏதாவது நேர்ந்தால் முழுப் பழியும் அவர் தலையில் விழும். விதியின் விலையைத் தருவது கோடிக்கணக்கான பயணிகளின் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்காக வாதாட யாரும் நியமிக்கப்படவில்லை. பணத்துக்கும் இதே கதைதான். சோதனைச் செலவுக்கென்று பயணச்சீட்டில் 2002இல் சேர்க்கப்பட்ட 2.50 டாலர் கட்டணம், 2014இல் 5.60 டாலராக உயர்ந்தது. அதன் ஒரு பகுதி இப்போது அமெரிக்க அரசின் பொதுப் பற்றாக்குறையைக் குறைக்கத் திருப்பிவிடப்படுகிறது. பாதுகாப்பின் பெயரால் வந்த கட்டணம் கருவூலத்தின் வழக்கமான வரவாகிவிட்டது.

கனிஷ்கா, மீனம்பாக்கம், கட்டுநாயக்க

தெற்காசியா இந்தப் பாடங்களை உலகுக்கு முன்பே, பெரும் விலை கொடுத்துப் பெற்றது. 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு விமானத்துக்கென்று கொண்டுவரப்பட்டு விமானத்தில் ஏறாமல் நின்றுபோன பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து, சுமார் முப்பது பேர் இறந்தார்கள். பத்தே மாதம் கழித்து, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்தில் வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டார்கள். வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பெட்டி அதில் பறந்தது. பெட்டியின் உரிமையாளர் பறக்கவில்லை.

பயணி ஏறாத விமானத்தில் அவருடைய பெட்டி ஏறக் கூடாது என்ற விதியைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அதன் பிறகே வலியுறுத்தத் தொடங்கியது. இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரலில் தனித்துறையானது. ஆனால் 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் பான் அமெரிக்கன் விமானத்தை வீழ்த்தி 270 பேரைக் கொன்றதும் துணையற்றுப் பயணித்த பெட்டிதான். கனிஷ்கா கற்றுத்தந்ததை மேற்கு நாடுகளின் நிலையங்கள் மூன்று ஆண்டுகளில் நடைமுறையாக்கவில்லை. கனிஷ்காவில் இறந்தவர்களில் பெரும்பான்மையோர் கனடியக் குடிமக்களாக இருந்தும், கனடா நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான முழு விசாரணையின் அறிக்கையைப் பெற்றது 2010இல், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து. யாருடைய இழப்பு உடனடி விசாரணைக்கு உரியது என்பதிலும் பேர வலிமை புகுந்துவிடுகிறது.

1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஐ.சி. 814 கடத்தப்பட்டு, அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாகக் கந்தகாரில் பல நாள் சிறைப்பட்டது. மாநிலக் காவல்துறைகளின் கையில் இருந்த விமான நிலையக் காவல், அதையடுத்து மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படைக்கு மாறத் தொடங்கியது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் முதலாவதாக அந்தப் படையின் பொறுப்பில் வந்தது. இன்று இந்தியாவின் பெரிய நிலையங்கள் அனைத்திலும் நுழைவாயிலில் அடையாள அட்டை கேட்பவர் அந்தப் படையின் வீரர். இந்த மாற்றம் நிலைத்ததற்குக் காரணம் அச்சம் மட்டுமல்ல. பொறுப்பு ஒரு நிறுவனத்தின் கையில், ஒரே பயிற்சியோடு, சட்டத்தின் துணையோடு ஒப்படைக்கப்பட்டது.

2001 ஜூலை 24 அன்று விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாக்கினார்கள். ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் விமானங்களில் ஏறத்தாழ பாதி அழிந்தோ சேதமடைந்தோ போயின. போர் ஆபத்துக் காப்பீட்டின் கட்டணம் ஏறியதும், இலங்கைக்குப் பறப்பதே சுமையாயிற்று. குண்டுகள் அழித்ததைவிடக் காப்பீட்டாளரின் கடிதம் ஒரு தீவைத் துண்டிக்கும் என்பதை இலங்கை அப்போது அறிந்தது. ஏழு வாரங்கள் கழித்து உலகமே அதை அறிந்தது. செப்டம்பர் தாக்குதலின் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் ஏழு நாள் அவகாசம் கொடுத்து, மூன்றாம் தரப்பினருக்கான போர் ஆபத்துக் காப்பை 5 கோடி டாலராகச் சுருக்கின. அரசுகள் தங்கள் கருவூலத்தை உத்தரவாதமாக வைத்திராவிட்டால் உலகின் விமானங்கள் அந்த மாத இறுதியில் தரையிலேயே நின்றிருக்கும். நெருக்கடியில் நட்டம் பொதுமக்களுடையதாகவும், மீட்சிக்குப் பின் வரும் இலாபம் தனியாருடையதாகவும் ஆகும் வழக்கத்துக்கு அது தெளிவான ஒரு சான்று.

காலி இருக்கை மறைந்த விதம்

2001க்குப் பிறகு வந்த ஆழமான மாற்றம் சந்தையின் அமைப்பில் நிகழ்ந்தது. ஸ்விஸ்ஏர் 2001 அக்டோபரில் பறக்க முடியாமல் தரையில் முடங்கியது. பெல்ஜியத்தின் சபீனா நவம்பரில் திவாலானது. யு.எஸ். ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா, நார்த்வெஸ்ட் ஆகியவை 2002க்கும் 2005க்கும் இடையே திவால் பாதுகாப்பு கோரின. அந்தப் பாதுகாப்பின் கீழ் ஊழியர்களின் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. பிறகு இணைப்புகள் தொடங்கின. 2008இல் டெல்டாவும் நார்த்வெஸ்டும், 2010இல் யுனைடெட்டும் கான்டினென்டலும், 2013இல் அமெரிக்கனும் யு.எஸ். ஏர்வேஸும் ஒன்றாயின. இன்று நான்கு நிறுவனங்களின் கையில் அமெரிக்க உள்நாட்டுச் சந்தையின் பெரும்பகுதி இருக்கிறது.

போட்டி குறைந்ததும் இருக்கைகளைக் குறைத்து வைப்பது எளிதாயிற்று. 2000 வாக்கில் அமெரிக்க விமானங்களில் சராசரியாகப் பத்தில் மூன்று இருக்கைகள் காலியாகப் பறந்தன. பத்தாண்டுக்குள் அது பத்தில் இரண்டுக்கும் கீழே போனது. எண்ணெய் விலை ஏறிய 2008இல், முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வசூலிக்கத் தொடங்கியது. எண்ணெய் விலை பின்னர் இறங்கியது, பெட்டிக் கட்டணம் இறங்கவில்லை. காலி இருக்கை என்பது பயணியின் முழங்காலுக்குக் கிடைத்த இடம் மட்டுமன்று. ஒரு விமானம் ரத்தானால் அதன் பயணிகளை அடுத்த விமானத்தில் ஏற்றிக்கொள்ள இருந்த உபரியும் அதுதான். அந்த உபரியை அகற்றிய தொழிலில் ஒரு புயலோ ஒரு கணினிக் கோளாறோ வந்தால், ஒரு நாளில் தீர வேண்டிய இடைஞ்சல் ஒரு வாரம் நீள்கிறது.

இந்தியாவும் அதே பாதையில்தான் வந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நொடித்தது, 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் போய் பின்னர் விஸ்தாராவையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இன்று இண்டிகோ என்ற ஒரே நிறுவனத்தில் பறக்கிறார்கள். பல சிறு நகரங்களில் அதைத் தவிர வேறு சேவை கிடையாது.

2020: உதிர்ந்தவையும் ஒட்டிக்கொண்டவையும்

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான பன்னாட்டுச் சேவை மீண்டும் தொடங்க 2022 மார்ச் 27 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் வந்தே பாரத் விமானங்கள் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்து வந்தன. வளைகுடாவில் வேலை இழந்த தொழிலாளரும் அதில் சீட்டுக்குப் பணம் கட்டித்தான் திரும்பினார்கள். கடன் வாங்கிப் போன தேசத்திலிருந்து கடன் வாங்கித் திரும்ப வேண்டியிருந்தது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று உழைப்பாளிகளின் போக்குவரத்தை நம்பியிருக்கும் திருச்சி போன்ற விமான நிலையத்துக்கு, அந்த இரண்டு ஆண்டுகள் ஊரின் வருமானமே முடங்கிய காலம்.

அன்று வந்த விதிகளில் பெரும்பாலானவை சுவடின்றிப் போயின. நடு இருக்கையை இயன்றவரை காலியாக விடும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2020 ஜூனில் கேட்டுக்கொண்டது. ‘இயன்றவரை’ என்ற சொல் இருந்ததால், நடுவில் அமர்ந்தவருக்கு ஒரு மேலங்கி தந்து இருக்கையை விற்றார்கள். குறுகிய பயணங்களில் உணவுத் தடை, முகக்கேடயம், கட்டணத்துக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் என எல்லாம் வந்து விலகின. கட்டண வரம்பு 2022 ஆகஸ்ட் இறுதியிலும் முகக்கவசக் கட்டாயம் நவம்பரிலும் முடிந்தன. நிறுவனத்தின் வருமானத்தைத் தொட்ட எந்த விதியும் நெருக்கடியைத் தாண்டி வாழவில்லை.

வேறு சில ஒட்டிக்கொண்டன. முகத்தைக் காட்டி நுழையும் டிஜியாத்ரா 2018இலேயே கொள்கையாக எழுதப்பட்டிருந்தது. தொடுதலைத் தவிர்க்கும் காலம் அதற்கு ஏற்பை உண்டாக்கியது. 2022 டிசம்பரில் தில்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோடிக்கணக்கானோரின் முக அடையாளம் எப்படிக் கையாளப்படுகிறது என்ற கேள்வி பொதுவெளியில் முழுமையாக விவாதிக்கப்படும் முன்பே அது பரவிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் 747 விமானங்கள் அனைத்தையும் 2020இல் ஓய்வுக்கு அனுப்பியது. எரிபொருளை விழுங்கும் நான்கு இயந்திர விமானங்களின் முடிவு முன்பே எழுதப்பட்டிருந்தது, நெருக்கடி அதைச் சில ஆண்டுகள் முன்னே இழுத்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பயணத் தேதியை மாற்றுவதற்கான கட்டணத்தை 2020இல் பல சீட்டுகளுக்குக் கைவிட்டன. பயணிக்கு நேராகக் கிடைத்த நன்மைகளில் நிலைத்தது அது. பயணத்தை எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மக்கள் முன்பதிவு செய்வார்கள் என்பதால், அதில் நிறுவனங்களின் நலனும் சேர்ந்திருந்தது.

மிகப் பெரிய இழப்பு ஊழியர்களிடம் நேர்ந்தது. வேலை நீக்கப்பட்ட தரைப்பணியாளர்களும் பொறியாளர்களும் வேறு தொழில்களுக்குப் போனார்கள். 2022 கோடையில் பயணிகள் திரும்பியபோது பெட்டிகளை இறக்க ஆளில்லை. லண்டன் ஹீத்ரோ ஒரு நாளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் புறப்படக் கூடாது என்று வரம்பு விதித்தது. ஆம்ஸ்டர்டாமும் வரம்பு வைத்தது. அமெரிக்க அரசு சம்பளத்துக்கென்றே மூன்று தவணைகளில் ஏறத்தாழ 5,400 கோடி டாலரை நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்தது. ஆட்குறைப்புக்குத் தடை இருந்தது. விருப்ப ஓய்வுக்குத் தடை இல்லை. அனுபவம் மிக்க விமானிகள் அந்த வாசல் வழியாக வெளியேறினார்கள்.

உதவி தரும் வேளையில்தான் அரசின் சொல்லுக்கு வலு உண்டு. பிரான்ஸ் அதை ஓரளவு பயன்படுத்தியது. ஏர் பிரான்சுக்கு 700 கோடி யூரோ உதவியைக் கொடுத்தபோது, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்குக் குறுந்தூர விமானங்களை நிறுத்தச் சொன்னது. 2023 மே மாதம் அது சட்ட ஆணையானபோது, பாரீஸ் ஓர்லியிலிருந்து மூன்று வழித்தடங்கள் மட்டுமே அதில் அடங்கின. நெருக்கடியின் சூடு தணியத் தணிய, கேட்ட நிபந்தனையும் சுருங்கியது.

பறக்காத பயணத்தின் பணம்

2020இல் பயணிகளின் குரல் ஒலித்த இடம் ஒன்று உண்டு. நிறுவனம் ரத்து செய்த விமானத்தின் பணத்தை நிறுவனமே வைத்துக்கொண்டு, பின்னாளில் பயன்படுத்தும்படி ஒரு வரவுச் சீட்டைக் கொடுப்பது உலகெங்கும் நடந்தது. இந்தியாவில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 அக்டோபர் 1 அன்று வந்த தீர்ப்பு, பொதுமுடக்கக் காலத்தில் பதிவு செய்தவர்களுக்குப் பணத்தை முழுமையாகத் தரவும், மற்றவர்களுக்கு வரவுச் சீட்டு கொடுத்தால் தாமதத்துக்கு ஈடாக அதன் மதிப்பை மாதந்தோறும் கூட்டவும் உத்தரவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, ஆறு நிறுவனங்கள் பயணிகளுக்கு 60 கோடி டாலருக்கும் மேல் திருப்பித் தருவதை 2022 நவம்பரில் அறிவித்தது. கேட்காமலே பணம் திரும்ப வேண்டும் என்ற அமெரிக்க விதி 2024இல் வந்தது.

ஐரோப்பாவில் இந்த உரிமை முன்பே சட்டத்தில் இருந்தது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் சுமார் ஒரு லட்சம் விமானங்களை ரத்தாக்கி, ஒரு கோடிப் பயணிகளை வழியில் நிறுத்தியபோது அந்தச் சட்டம் சோதிக்கப்பட்டது. எரிமலைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனங்கள் வாதிட்டன. காரணம் எதுவாயினும் சிக்கித் தவிக்கும் பயணிக்கு உணவும் தங்குமிடமும் தருவது கடமை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்தை நம்பிய இடத்தில் வரவுச் சீட்டும், சட்டம் இருந்த இடத்தில் படுக்கையும் சாப்பாடும் கிடைத்தன.

இனி என்ன செய்யலாம்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் செய்ய வேண்டியவை மங்கலாக இல்லை. அவசரகாலத்தில் பிறக்கும் ஒவ்வொரு விதிக்கும் பிறக்கும்போதே காலாவதித் தேதி எழுதப்பட வேண்டும். அந்தத் தேதி வந்ததும், விதி எதைத் தடுத்தது, எவ்வளவு நேரத்தையும் பணத்தையும் வாங்கியது என்ற மதிப்பீடு வெளியிடப்பட்ட பிறகே அது நீட்டிக்கப்பட வேண்டும். நீட்டிக்கும் பொறுப்பைச் சுமப்பவர் காரணம் சொல்லும் நிலை வந்தால், விலக்கும் அதிகாரி மட்டுமே பழியைச் சுமக்கும் நிலை மாறும்.

விமான விபத்துக்கு நடப்பதுபோல, விமானம் விழாத பெரும் நெருக்கடிக்கும் சுதந்திரமான விசாரணை வேண்டும். இலட்சக்கணக்கானோர் வளைகுடாவில் சிக்கியது ஏன், சீட்டுப் பணம் திரும்ப எத்தனை மாதம் ஆனது, எத்தனை ஊழியர்கள் தொழிலை விட்டுப் போனார்கள், எந்த ஊர் எந்த ஒற்றை நிறுவனத்தை நம்பி நிற்கிறது என்று கேட்டு, விடையை அச்சிட வேண்டும். 13ஆம் இணைப்பின் ஒழுங்கை இங்கே கொண்டுவர எந்தத் தொழில்நுட்பத் தடையும் கிடையாது. பொதுப் பணத்தில் நிறுவனத்தைக் காப்பாற்றும்போது, ஊழியர்களைத் தக்கவைப்பதும் பயணியின் பணத்தைத் திருப்புவதும் பணம் கைமாறும் முன்பே எழுத்தில் வர வேண்டும்.

தெனெரீஃபில் 583 பேர் இறந்த பிறகு, தலைமை விமானியைக் கேள்வி கேட்கும் உரிமையை இந்தத் தொழில் பொறியாளருக்குக் கொடுத்தது. அதிகாரத்தின் அடுக்கைத் தளர்த்தியதால் தலைமை விமானியின் மதிப்பு குறையவில்லை, விமானங்கள் பத்திரமாயின. பயணிக்கும் ஊழியருக்கும் அதே உரிமையைத் தருவதற்கு அடுத்த நெருக்கடி வரை காத்திருக்க வேண்டியதில்லை. விமானங்கள் நிரம்பிப் பறக்கும், அச்சமின்றி யோசிக்கக் கிடைத்திருக்கும் இந்த ஆண்டுகளிலேயே அந்தச் சட்டங்களை எழுதிவிட வேண்டும். அடுத்த நெருக்கடியின் நடுவில் எழுதினால், வழக்கம்போல வலியவர்தான் எழுதுவார்.